இறக்கைக்கு அடியில் ஒரு கூடாரம்: ஓஷ்கோஷ் பயணக் குறிப்புகள்

வியாழன், கிளம்புவதற்கு முந்தின நாள்

டாலஸுக்குத் தெற்கே ஜூலை மாதம் ராத்திரி எட்டு மணிக்கும் ஹேங்கருக்குள் வெக்கை இறங்காது. ஓஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குக் கிளம்பும் எங்கள் சின்ன விமானத்தின் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூட்டோடு சூடாக ஆயிலை வடித்துவிட்டு, நானும் அண்ணனும் பழைய ஃபில்டரை வெட்டித் திறந்தோம். உள்ளே விசிறிமடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கத்தியால் அறுத்து எடுத்து, வைஸில் வைத்துப் பிழிந்து, வெள்ளைத் துணிமேல் விரித்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கறுப்பாகக் கரித்துகள் இருந்தால் பரவாயில்லை. மினுமினுத்தால்தான் பயம். லைகமிங் கம்பெனி செய்த எங்கள் இன்ஜினில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் பறக்காமல் நிறுத்திவைத்தால் அதன்மேல் இருக்கும் ஆயில் வழிந்து இறங்கிவிடும், துரு பிடிக்கும், அப்புறம் அதோடு உரசும் லிஃப்டர் செதில் செதிலாக உதிரும். அந்த இரும்புத்தூள் முதலில் கண்ணில் படுவது இந்தக் காகிதத்தில்தான். காந்தத்தை மெதுவாக மேலே நகர்த்தினேன். ஒன்றும் ஒட்டவில்லை. அண்ணன் காகிதத்தை மடித்து, தேதி எழுதி, ஒரு ஜிப் பையில் போட்டு அலமாரியில் வைத்தார். ஆறு வருஷத்துக் காகிதங்களும் அங்கே வரிசையாக இருக்கின்றன.

விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1974 மாடல் செஸ்னா 172எம். நான்கு இருக்கை, 150 குதிரைத்திறன், கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் செய்தது. 172 வகை விற்பனைக்கு வந்தது 1956-இல். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள்; உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் வேறு கிடையாது. எங்களுடையதை நான்கு பேர் பங்கு போட்டு வாங்கினோம். நான், காரைக்குடிப் பக்கத்து அண்ணன், ஒரு பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். ஹேங்கர் வாடகையும் இன்ஷூரன்ஸும் சம பங்கு. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனியாக ஒரு தொகை உண்டியலில் விழும். இந்த இன்ஜினை 2,000 மணி நேரம் ஓடியதும் முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது லைகமிங். அந்த நாள் வரும்போது கடன் கேட்டு அலையக் கூடாது என்பதற்காகத்தான் உண்டியல்.

நிறைய பேர் கேட்பார்கள்: சொந்த விமானம் என்றால் கோடீஸ்வரரா? இல்லை. நாங்கள் கொடுத்த பங்குப்பணத்தில் ஒரு சுமாரான கார் வாங்கலாம். ஆனால் காரை ஷெட்டில் விட்டுவிட்டு மறந்துவிடலாம். இதை அப்படி விட முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை ‘ஆனுவல்’ என்கிற முழுப் பரிசோதனை நடந்து, தகுதிபெற்ற மெக்கானிக் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கலாம். அதுபோக, ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது என்று முப்பது சொச்சம் வேலைகளை, பைலட் உரிமம் உள்ள சொந்தக்காரர் தானே செய்து பதிவேட்டில் கையெழுத்திடலாம் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. நிறைய பேர் அந்த உரிமையைத் தொடுவதே இல்லை. எனக்கு அதுதான் பறப்பதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனுவலின்போது எங்கள் மெக்கானிக் பெரியவர் எங்களையும் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்குவார். தகடுகளை நாங்கள் கழற்றுவோம், அவர் டார்ச்சும் கண்ணாடியுமாக உள்ளே தலையை விடுவார். இந்த வருஷம் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனும் (கசியாமல் பிடித்துவைக்கும் காற்றழுத்தம்) 80-க்கு 76, 74, 77, 75. அந்த எண்களை ஏதோ பிள்ளைகளின் மதிப்பெண் மாதிரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“தம்பி, ஃபில்டருக்குக் கம்பி கட்டியாச்சா?”

“கட்டிட்டேண்ணே. நீங்க ஒரு தடவை பாருங்க.”

பூட்டுக்கம்பி என்பது மெல்லிய எஃகுக் கம்பி. முறுக்கிக் கட்டும்போது, அது ஃபில்டரை இறுகுகிற பக்கமாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். திசை மாறிக் கட்டினால் கட்டியும் பிரயோஜனமில்லை. அண்ணன் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். நாளை விடியற்காலை ஐந்தரைக்கு.

வெள்ளி

ஓஷ்கோஷ் தெரியாதவர்களுக்கு: விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஊர். ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் அங்கே சிறு விமானக்காரர்களின் திருவிழா. 1953-இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி என்பவர், வீட்டிலேயே விமானம் கட்டுகிற சில நண்பர்களோடு ஆரம்பித்த சங்கம், இஏஏ. 1970-லிருந்து திருவிழா ஓஷ்கோஷில் நடக்கிறது. அந்த வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் சுமார் பத்தாயிரம் விமானங்கள் வந்து இறங்கும். எங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் 780 நாட்டிகல் மைல். இன்னொரு விதமாகச் சொன்னால், 105 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 105 நாட்டிகல் மைலில், பறக்கும் எங்கள் செஸ்னாவுக்கு ஏழரை மணி நேரம்.

சூடு ஏறுவதற்குள் கிளம்பினோம். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குப் பிடிப்பு குறையும். மொத்த எடை 1,043 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதால் கூடாரம், கருவிப்பெட்டி, அண்ணனின் ஊறுகாய் பாட்டில் உட்பட எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்றினோம். சிவப்பு ஆற்றைக் கடந்தபோது வலது பக்கம் சூரியன். நதி நிஜமாகவே செம்மண் குழம்பாக இருந்தது.

இரண்டரை மணி நேரத்தில் ஓக்லஹோமாவின் பார்ட்ல்ஸ்வில். பிலிப்ஸ் பெட்ரோலியம் பிறந்த ஊர். நிலையத்தின் பெயரும் ஃபிராங்க் பிலிப்ஸ் ஃபீல்டு. நேற்று நாங்கள் ஊற்றிய ஆயிலும் பிலிப்ஸ்தான். சின்ன நிலையங்களில் ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது. ஒரு பழைய காரின் சாவியைக் கொடுத்து, போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பார்கள். வாடகை கிடையாது. திரும்பக் கொண்டுவரும்போது பெட்ரோல் ஊற்றி வைத்தால் போதும்.

அந்தக் காரில் ஊலராக் போனோம். ஃபிராங்க் பிலிப்ஸின் பண்ணை வீடு, இப்போது அருங்காட்சியகம். உள்ளே தொங்கிக்கொண்டிருக்கிறது ‘ஊலராக்’ என்ற விமானம். 1927 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலிருந்து ஹவாய்க்கு நடந்த டோல் பந்தயத்தில் முதல் வந்தது. அந்தப் பந்தயத்தில் கடலுக்குள் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. இதைச் செய்தது விச்சிட்டாவின் டிராவல் ஏர் கம்பெனி. அதை 1925-இல் சேர்ந்து தொடங்கியவர்களில் ஒருவர் கிளைட் செஸ்னா. எங்கள் விமானத்தின் வாலில் இருக்கும் பெயர். அண்ணன் அதன் கீழே நின்று கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். துணி போர்த்திய இறக்கை, ஒற்றை இன்ஜின், கீழே இரண்டாயிரம் மைல் தண்ணீர்.

சாயங்காலம் மிசூரியின் வடக்கே சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன நிலையம். பெயர் போடவில்லை. ஓடுபாதையின் அந்தக் கோடியில் இறங்கி இந்தக் கோடிக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தோம். இறக்கைக்கு அடியில் கூடாரம். சில்வண்டுச் சத்தம் காதை அடைக்கிறது.

சனி

இன்றைக்கு நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன். விமானம் வைத்திருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு நாளைத்தான் காட்டுவேன்.

புறப்படும் முன் ஓடுபாதை ஓரத்தில் நின்று இன்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றி மேக்னட்டோக்களைச் சோதிக்க வேண்டும். காரில் பேட்டரி தரும் மின்சாரத்தில் பிளக் பொறி விடுகிறது. விமான இன்ஜினில் பேட்டரியை நம்புவதில்லை. இன்ஜின் சுற்றும்போதே காந்தம் சுற்றித் தானாக மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டோ இரண்டு இருக்கும். சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒன்று போனாலும் இன்னொன்று வீடு சேர்க்கும். சாவியைத் திருப்பி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். 125 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது.

வலது மேக்னட்டோ சரியாக இருந்தது. இடதுக்குத் திருப்பியதும் 200-க்கு மேல் சரிந்து, முழு விமானமும் உதறியது. பல் ஆடுகிற மாதிரி ஓர் உதறல்.

பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையில் பெட்ரோலைக் குறைத்து மெலிதாக்கி, சுற்றை ஏற்றி ஒரு நிமிடம் வைத்திருந்தால் பிளக்கில் ஒட்டியது எரிந்து போகலாம். இரண்டு தடவை செய்தேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. “வேண்டாம் தம்பி, திருப்பு” என்றார் அண்ணன். நானும் அதையேதான் நினைத்தேன்.

தப்பு என்னுடையது. நேற்று சாயங்காலம் அந்த நீண்ட ஓடுபாதையில் உருட்டிக்கொண்டு வந்தபோது கலவையைக் குறைக்க மறந்துவிட்டேன். களைப்பு. இந்த இன்ஜினைப் பழைய 80 ஆக்டேன் பெட்ரோலுக்காக வடிவமைத்தார்கள். அதில் ஒரு கேலனுக்கு அரை மில்லி ஈயச் சேர்மம்தான். அந்தப் பெட்ரோல் போய்விட்டது. இன்று நிலையங்களில் கிடைக்கும் நீல நிற 100 எல்எல்-இல் இரண்டு மில்லி வரை இருக்கும், நான்கு மடங்கு. ‘லோ லெட்’ (குறைந்த ஈயம்) என்ற பெயர் அதற்கும் முந்தைய பெட்ரோலோடு ஒப்பிட்டு வைத்தது. இன்ஜின் நன்றாகச் சூடாக ஓடினால் ஈயம் ஆவியாகி வெளியே போய்விடும். தரையில் மெதுவாக, பெட்ரோல் அதிகமாகக் குடித்துக்கொண்டு, குளிர்ந்து ஓடினால் அது அப்படியே கீழ் பிளக்கில் போய்த் தங்கும்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கெட்ட மேக்னட்டோவில் மட்டும் கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்துவிட்டு, எக்ஸாஸ்ட் குழாய்களில் எது ஆறிக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது. மேல்மூடியைக் கழற்றினோம். பிளக் சாக்கெட் எங்களிடம் இருந்தது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஹேங்கரில்! எடை குறைக்க நான்தான் எடுத்துவைத்தேன்.

அப்போது பழைய பிக்கப் வண்டியில் ஒருவர் வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். விவசாயி. தூரத்தில் ஒரு ஹேங்கரைக் காட்டினார். அவருடைய 1946 மஞ்சள் பைப்பர் கப் விமானம் அங்கே இருக்கிறதாம். இன்ஜின் சத்தம் கேட்டே வந்திருக்கிறார். “உங்கள் இடது மேக்னட்டோ இருமுகிறது” என்றார், வணக்கத்துக்கு முன்னால். டார்க் ரெஞ்ச், ஊசி, மல்டிமீட்டர், ஒரு டப்பா செப்பு வாஷர் எல்லாம் வண்டியிலேயே இருந்தன.

பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இரண்டு மின்முனைகளுக்கும் பீங்கானுக்கும் நடுவே, கடுகு அளவில், சாம்பல் நிறத்தில் ஐந்தாறு உருண்டைகள். ஈயம். ஒன்று சரியாக இடைவெளியில் சிக்கி முனையையும் உடலையும் இணைத்துவிட்டிருந்தது. பொறி பாய வழியில்லை. ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பினார். துணியில் விழுந்தபோது டிக் டிக் என்று சத்தம் கேட்டது. கம்பிச் சக்கரத்தில் வைத்துத் தேய்க்காதே, பீங்கான்மேல் உலோகக் கோடு விழும், அப்புறம் மின்சாரம் அந்த வழியாக ஓடும் என்றார். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் அடி ஆழத்திலும் மற்றொன்றை மின்முனையிலும் வைத்தார். உள்ளே இருக்கும் மின்தடை 5,000 ஓமுக்கு மேல் போனால் பிளக் சுத்தமாகத் தெரிந்தாலும் பொறி பலவீனமாகும். எங்களுடையது 2,300. நல்ல பிளக். “வந்தது வந்தோம், எட்டையும் பார்த்துவிடலாம்” என்று எட்டையும் கழற்ற வைத்தார். மேலே இருந்தவை கீழே, கீழே இருந்தவை மேலே. புது வாஷர். மரையில் இரண்டே சொட்டுப் பிசுக்கு, முதல் மரையில் படக் கூடாது. ஒன்றை நான் கைநழுவ விட்டபோது அது கான்கிரீட்டைத் தொடுவதற்குள் அண்ணன் முழங்காலால் தடுத்துப் பிடித்துவிட்டார். கீழே விழுந்த பிளக்கை அப்படியே குப்பையில் போடுவதுதான் இந்தத் தொழிலின் சட்டம். பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

முடித்து ஓட்டிப் பார்த்தோம். இடது 80 குறைந்தது, வலது 90. வெண்ணெய் மாதிரி ஓடியது. பதிவேட்டில் தேதி, செய்த வேலை, என் கையெழுத்து, உரிம எண்.

எவ்வளவு தரட்டும் என்று கேட்டதற்கு, பேச்சை மாற்றித் தன் கப்பைக் காட்டக் கூட்டிப்போனார். 65 குதிரைத்திறன், பேட்டரியே கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். பெட்ரோல் அளவு காட்டுவது ஒரு தக்கையும் அதில் செருகிய கம்பியும். கம்பி மூடிக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல். அதன் மேக்னட்டோ பழைய ஐஸ்மன் வகை. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் விரிசல். இப்போது அந்த உதிரி லேசில் கிடைப்பதில்லை. “ஓஷ்கோஷ் சந்தையில் கண்ணில் பட்டால் வாங்கிவாருங்கள், காசு தருகிறேன்” என்று பழைய பிளாக்கைப் போனில் நான்கு கோணத்தில் படம் எடுக்கச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் கிளம்பி அயோவா போனோம். ஆட்டம்வாவுக்குப் பக்கத்தில் பிளேக்ஸ்பர்க் புல்வெளி ஓடுபாதையை மேலிருந்து பார்த்தோம். 1953-இல் தொடங்கிய பழம் விமானக்காரர்களின் சங்கம் கட்டிக்காக்கிற உலகம் அது. காற்றில் ஒரு பழைய இரட்டை இறக்கை விமானம் சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிறு

விஸ்கான்சின் முழுக்க இடிமேகம். நகரவில்லை. சிறு விமானக்காரர்களின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் போகாமல் இருப்பது. பைலட் அறையில் ஐந்து விமானத்து ஆட்கள். ஒரு மூனிக்காரர், இரண்டு போனான்சா, கணவனும் மனைவியுமாக ஒரு கிரம்மன் டைகர். பேச்சு சுற்றிச் சுற்றிப் பெட்ரோலுக்கே வந்தது. 2022-இல் ஈயமில்லாத ஜி100யுஎல் எரிபொருளுக்கு எல்லாப் பெட்ரோல் விமான இன்ஜின்களிலும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. 2030-க்குள் ஈயத்தை முழுக்க ஒழிப்பது என்று அரசும் தொழில்துறையும் இலக்கு வைத்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான நிலையங்களில் இன்னும் நீலப் பெட்ரோல்தான். நேற்று துணியில் விழுந்த உருண்டைகளை நான் ஒரு சின்ன டப்பியில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். எல்லாரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். நிலையங்களைச் சுற்றிக் குழந்தைகள் வளர்கிறார்கள். ஈயம் போகவேண்டும், சீக்கிரம் போகவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

திங்கள்

இறங்கிவிட்டோம்!

ஓஷ்கோஷில் இறங்கும் முறைக்குத் தனிப் புத்தகமே அச்சிடுகிறார்கள். அண்ணன் அதை மனப்பாடம் செய்திருந்தார். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற ஊருக்கு ரயில் தண்டவாளம் போகிறது. அதன்மேல் 1,800 அடியில், 90 நாட் வேகத்தில், ஒருவர் பின்னால் ஒருவராக, அரை மைல் இடைவெளி விட்டு வரவேண்டும். வேகமான விமானங்களுக்கு அதற்கு மேலே 2,300 அடி. யாரும் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. கேட்க மட்டும்தான். முன்னால் போகிறவரை நெருங்கிவிட்டால் வளைந்து நெளிந்து சமாளிக்கக் கூடாது. விலகிப் போய் மறுபடி வரிசையின் வாலில் சேர வேண்டும்.

நான் ஓட்டினேன், அண்ணன் முன்னால் போகிற சிவப்பு பைப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஃபிஸ்கில் தரையில் இருந்து கட்டுப்பாட்டாளர்கள் கண்ணால் பார்த்தே கூப்பிடுகிறார்கள். “வெள்ளைச் செஸ்னா, இறக்கையை ஆட்டு.” ஆட்டினேன். “நல்ல ஆட்டம்! தண்டவாளத்தையே பிடித்து வா, ஓடுபாதை 27.” அவ்வளவுதான். எங்கள் அடையாள எண்ணைக் கேட்கவே இல்லை. வின்னபேகோ ஏரிப்பக்கம் திரும்பி இறங்கும்போது, ஓடுபாதையில் பூசிய வண்ணப் புள்ளிகளில் பச்சைப் புள்ளியில் தொடச் சொன்னார்கள். ஒரே ஓடுபாதையில் வேறொரு புள்ளியில் இன்னொரு விமானம் அதே சமயம் இறங்கிக்கொண்டிருந்தது. என் கை வேர்த்து, ஓட்டும் பிடியான யோக் வழுக்கியது. புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளித்தான் தொட்டேன், ஆனால் மென்மையாக. புல்லுக்குள் திருப்பிவிட்டதும் இரண்டு பேரும் பேசவில்லை. அண்ணன் என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

‘நார்த் 40’ என்ற புல்வெளியில் இடம். மூன்று கயிறும் கட்டி, முளைகளை மண்ணில் திருகி இறக்கினோம். 2011-இல் புளோரிடாவின் லேக்லாந்தில் இதே மாதிரி ஒரு விழாவில் சூறைக்காற்று அடித்து, நிறுத்தி வைத்திருந்த விமானங்களைப் புரட்டிப் போட்டது. கயிறு கட்டும்போது எல்லாரும் அதை நினைத்துக்கொள்கிறார்கள்.

செவ்வாயிலிருந்து வியாழன் வரை

மூன்று நாளில் எழுத நேரமே கிடைக்கவில்லை. நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது.

ஏர் ஷோவைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். நான் அதிகம் பார்க்கவில்லை. புதன் ராத்திரி வாணவேடிக்கையோடு நடந்ததை மட்டும் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தோம். பகலெல்லாம் பட்டறைக் கூடாரங்களில். தகரம் வெட்டி ரிவெட் அடிப்பது, துணி போர்த்துவது, வெல்டிங் என்று எல்லாமே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அடித்த முதல் பத்து ரிவெட்டில் மூன்று தேறியது. மைக் புஷ்ஷின் கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் நின்று கேட்டேன். விமானத்தைத் தேவைக்குமேல் பிரித்துப் போடாதீர்கள், கம்ப்ரஷன் எண் ஒன்று குறைந்ததற்காக மட்டும் சிலிண்டரைக் கழற்றாதீர்கள், முதலில் உள்ளே கேமரா விட்டு வால்வைப் பாருங்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறவர். எங்கள் பெரியவரும் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒருவரின் விமானத்தில் பிரேக் கசிந்தது. அவசரப் பழுதுபார்ப்புக்கு இங்கே தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு கொட்டகையே இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்குள் நான்கு கூடாரங்களிலிருந்து நான்கு பேர் ஓ-ரிங் டப்பாக்களோடு வந்து நின்றார்கள். அதில் ஒருவர் அண்ணன்.

இந்த நிலையத்துக்கு ஸ்டீவ் விட்மன் பெயர் வைத்திருக்கிறார்கள். வெகுகாலம் இதை நிர்வகித்தவர், பந்தய விமானங்கள் கட்டியவர். ஸ்பிரிங் எஃகுப் பட்டையில் விமானத்துக்குக் கால் செய்யலாம் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். செஸ்னா அந்த உரிமையை வாங்கி 1946-இல் தன் சின்ன விமானங்களில் போட்டது. எங்கள் மாடலில் பட்டை போய் உருளைக் குழாய் வந்துவிட்டது, ஆனால் யோசனை அதே யோசனைதான். திங்கட்கிழமை நான் தொட்டபோது மெத்தென்று வாங்கிக்கொண்டதே, அந்தக் கால். வியாழன் காலையில் அதைத் துணியால் துடைத்து, புல்லும் சேறும் போக்கினேன்.

சந்தையில் ஐஸ்மன் உதிரியைத் தேடி மூன்று நாளும் அலைந்தோம். அட்டைப்பெட்டிகளுக்குள் கைவிட்டுத் துழாவுகிற சந்தை அது. கடைசியாக ஒரு பாட்டியம்மா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். போனில் இருந்த படத்தோடு ஒத்துப்போகிற இரண்டு பிளாக்குகள். எது நல்லது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டையும் வாங்கினோம்.

வெள்ளி, திரும்பும் வழி

காலையில் கிளம்பி மூன்று மணி நேரத்தில் மிசூரி. அந்த விவசாயி ஹேங்கர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சத்தம் கேட்டுத்தான் வந்தேன் என்றார்.

முதல் பிளாக்கை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு கண்ணாடி துடைப்பது போல வாயருகே வைத்து ஹா என்று ஊதினார். மேலே படிந்த ஈரம் ஒரு நொடியில் மறைந்தது. ஓர் இடத்தில் மட்டும் மறையவில்லை. மயிரிழை மாதிரி, அரை அங்குலத்துக்கு, ஈரம் கோடாக நின்றது. அண்ணன் வாங்கித் தானும் ஊதிப் பார்த்தார். அதே கோடு.

இரண்டாவதை என்னிடம் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். ஈரம் முழுக்க ஒன்றாகப் பரவி ஒன்றாக மறைந்தது. மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் கோடில்லை. சட்டைத் துணியில் சுற்றி மேல் பைக்குள் வைத்துக்கொண்டு, எவ்வளவு என்று கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். விரிசல் விட்டதை எனக்கே கொடுத்துவிட்டார், பழகிக்கொள்ள.

டாங்கை நிரப்பிக்கொண்டு ஓடுபாதையின் அந்தக் கோடிக்கு உருட்டினோம். கலவைக் குமிழை இன்ஜின் தடுமாறுகிற அளவுக்கு வெளியே இழுத்து, பிறகு மயிரளவு உள்ளே தள்ளினேன். அண்ணன் குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரைபடத்தை விரித்தார்.